இடுப்பு மூட்டுக்குச் செல்லும் மூன்று வழிகள்

ஜெர்மனியின் பெர்லின் நகரில் கியோர்க் பெர்க்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், சுமையை அளக்கும் உணரிகளைச் செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே பொதிந்து நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். நோயாளி நடந்தாலும் உட்கார்ந்தாலும் படி ஏறினாலும், மூட்டின் மேல் விழும் சுமை ரேடியோ அலையாக வெளியே வந்து பதிவாகியது. மணிக்கு 4 கிலோமீட்டர் என்ற சாதாரண நடையில் இடுப்பு மூட்டு சராசரியாக உடல் எடையைப் போல 2.4 மடங்கு சுமையைத் தாங்குகிறது என்று 2001இல் அவர்கள் அறிவித்தார்கள். படி ஏறும்போது 2.5 மடங்கு, இறங்கும்போது 2.6 மடங்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் கடைத்தெருவுக்கு நடந்து போனால், ஒவ்வோர் எட்டிலும் அவருடைய இடுப்பு மூட்டின் மேல் 165 கிலோவுக்கு மேல் இறங்குகிறது.

உடலின் எடையே 70 கிலோதான் என்றால் மீதிச் சுமை எங்கிருந்து வருகிறது? தசையிலிருந்து வருகிறது. ஒரு காலைத் தூக்கி முன்னே வைக்கும் நொடியில் உடல் முழுவதும் மற்றக் காலின் மேல் நிற்கிறது. உடலின் எடை அந்த மூட்டுக்கு நேர் மேலே இறங்காமல், சற்று உள்ளே தள்ளி இறங்குகிறது. அதனால் இடுப்பு, தூக்கிய காலின் பக்கமாகச் சரியப் பார்க்கும். சரியவிடாமல் வெளிப்பக்கத்திலிருந்து இழுத்துப் பிடிப்பவை குளூட்டியஸ் மீடியஸ், குளூட்டியஸ் மினிமஸ் என்ற இரண்டு தசைகள். இவை இடுப்பெலும்பின் வெளிப்புறத்தில் அகலமாகத் தொடங்கி, தொடை எலும்பின் மேல்முனையில் உள்ள ஒரு புடைப்பில் வந்து முடிகின்றன. ஒருக்களித்துப் படுக்கும்போது பாயில் அழுந்தும் எலும்பு அதுதான். மருத்துவத்தில் அதன் பெயர் டிரோகாண்டர்.

கைகள் சமமில்லாத ஒரு தராசை நினைத்துப் பாருங்கள். எடை தொங்கும் கை நீளம், தசை இழுக்கும் கை ஏறத்தாழ அதில் பாதி. தாங்க வேண்டிய எடையைப் போல இரண்டு மடங்கு விசையில் இழுத்தால்தான் தசையால் தராசைச் சமமாக வைத்திருக்க முடியும். எடையும் இழுவிசையும் சேர்ந்து மூட்டின் மேல் விழுவதால்தான் அந்த 2.4 மடங்கு. இந்தத் தசைகள் வலுவிழந்தால் இடுப்பு மறுபக்கம் சரியும். அதை ஈடுகட்ட, நோயாளி ஒவ்வோர் எட்டிலும் உடலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். பழுதான மூட்டை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைத்த பிறகும், தசை பழுதுபட்டிருந்தால் அந்த நடை மாறாது.

எனவே இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உள்ளே எதை வைப்பது என்பது முதல் கேள்வி. அதை வைப்பதற்கு எந்தத் தசையைக் கடந்து போவது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு நல்ல விடை கிடைத்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாவது கேள்வி இன்னும் அறுவை மருத்துவர்களிடையே சூடாக விவாதிக்கப்படுகிறது.

சார்ன்லியின் வழி

முதல் கேள்விக்கு விடை கண்டவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் சார்ன்லி. 1950களின் பிற்பகுதியில் அவர், தொடை எலும்பின் தலை சுழலும் குழிக்கு, டெஃப்லானால் கிண்ணம் செய்து பொருத்தினார். முதலில் நோயாளிகள் வலியில்லாமல் நடந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் டெஃப்லான் தேய்ந்து, அதன் துகள்களால் சுற்றியிருந்த திசு அழற்சி கண்டது. நூற்றுக்கணக்கான மூட்டுகள் தோற்றன. தம் கையால் வைத்தவற்றைத் தாமே திறந்து எடுத்தார் சார்ன்லி. 1962இல் ஒரு விற்பனையாளர், நெசவு எந்திரங்களின் பற்சக்கரங்களுக்குப் பயன்படும் ஒரு பாலிஎத்திலீன் துண்டை அவருடைய ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன் அதைத் தேய்மானச் சோதனையில் ஓடவிட்டார். டெஃப்லானோடு ஒப்பிட்டால் அது தேயவே இல்லை என்று சொல்லலாம். அந்த ஆண்டு நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணம், சிறிய உலோகத் தலை, எலும்போடு பிணைக்க அக்ரிலிக் சிமெண்ட் என்று இன்றைய மூட்டு பிறந்தது.

மூட்டைச் சென்றடைய சார்ன்லி ஒரு துணிச்சலான வழியைத் தேர்ந்தெடுத்தார். தசைகளை வெட்டவில்லை. அவை ஒட்டியிருக்கும் டிரோகாண்டர் எலும்பையே அறுத்து, தசையோடு சேர்த்து மேலே தூக்கி வைத்தார். மூட்டு முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. வேலை முடிந்ததும் அந்த எலும்புத் துண்டைச் சற்று வெளியே தள்ளி வைத்துக் கம்பியால் கட்டினார். தசை இழுக்கும் கையின் நீளம் கூடி, மூட்டின் மேல் விழும் சுமை குறையும் என்பது அவருடைய கணக்கு. இயற்பியல்படி அது சரியான கணக்கு. ஆனால் சிலருக்கு எலும்பு மறுபடி ஒட்டவில்லை, சிலருக்குக் கம்பி அறுந்தது. எலும்பை அறுக்காமலே உள்ளே போக முடியுமா என்ற தேடலில் மூன்று வழிகள் நிலைபெற்றன.

பின்பக்கமாக

இன்று உலகில் மிகப் பரவலாகச் செய்யப்படுவது பின்பக்க வழி. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறுவை மருத்துவர் லாங்கன்பெக் தொடங்கிய இதை, 1950களில் அமெரிக்காவின் தென் கரோலினாவைச் சேர்ந்த ஆஸ்டின் மூர் மூட்டு மாற்றுக்குப் பரவலாக்கினார். நோயாளி ஒருக்களித்துப் படுத்திருப்பார். டிரோகாண்டருக்குப் பின்னால் தோலைக் கீறி, பிட்டத்தின் பெரிய தசையை அதன் இழைகளின் போக்கிலேயே விலக்குவார்கள். அதற்குக் கீழே, தொடையை வெளிப்பக்கம் திருப்பும் சிறு தசைகள் வரிசையாக இருக்கும். அவற்றை எலும்பிலிருந்து பிரித்து, மூட்டுறையைத் திறந்தால் மூட்டு. சியாட்டிக் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் அதைக் காத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

இதன் பெரிய நன்மை, நடையைத் தாங்கும் குளூட்டியஸ் மீடியஸ் தொடப்படுவதே இல்லை என்பது. தொடை எலும்பும் நன்றாகத் தெரியும். தேவைப்பட்டால் கீறலை நீட்டிக்கொள்ளலாம் என்பதால் சிக்கலான முதல் அறுவைக்கும், பழைய செயற்கை மூட்டை எடுத்து மாற்றும் மறு அறுவைக்கும் ஏற்றது. குறை என்னவென்றால், மூட்டின் பின்சுவரைத் திறந்து போவதால் பின்பக்கம் வலுவிழக்கிறது. அதிகமாகக் குனிந்தாலோ தாழ்வான இருக்கையில் உட்கார்ந்தாலோ உலோகத் தலை கிண்ணத்தைவிட்டு நழுவ வாய்ப்புண்டு.

இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது ஓர் எளிய மாற்றம். முன்பெல்லாம் வெட்டிய சிறு தசைகளையும் மூட்டுறையையும் அப்படியே விட்டுவிடுவது வழக்கம். அவற்றை மறுபடி எலும்போடு சேர்த்துத் தைக்கத் தொடங்கியதும் நழுவும் விகிதம் பல மடங்கு குறைந்தது. சார்ன்லி வைத்த தலை சுமார் 22 மில்லிமீட்டர்தான். இன்று 32, 36 மில்லிமீட்டர் தலைகள் வழக்கத்தில் உள்ளன. தலை பெரிதானால் கிண்ணத்தைவிட்டு வெளியேற அது கடக்க வேண்டிய தூரமும் கூடும். தையலும் பெரிய தலையும் சேர்ந்து பின்பக்க வழியின் பழைய அவப்பெயரைப் பெரிதும் துடைத்துவிட்டன.

பக்கவாட்டில்

சார்ன்லியின் அதே ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய கெவின் ஹார்டிங் 1982இல் நேர்ப் பக்கவாட்டு வழியை விவரித்தார். எலும்பை அறுக்க வேண்டாம், குளூட்டியஸ் மீடியஸின் முன்பகுதியை மட்டும் டிரோகாண்டரிலிருந்து உரித்து முன்னே தள்ளினால் மூட்டு தெரியும் என்பது அவருடைய முறை. மூட்டின் பின்சுவர் அப்படியே இருப்பதால் நழுவும் ஆபத்து குறைவு. இடுப்பு மூட்டருகே தொடை எலும்பு முறிந்து வரும் வயதானவர்களுக்கும், நினைவு தப்பி, சொன்ன கட்டுப்பாடுகளைக் கடைப்பிடிக்க முடியாதவர்களுக்கும் இது பாதுகாப்பான வழி என்று கருதும் மருத்துவர்கள் பலர்.

விலை கொடுப்பது நடையைத் தாங்கும் அந்தத் தசைதான். தைத்த இடம் சரியாக ஒட்டவில்லை என்றால் நோயாளி சாய்ந்து நடப்பார். தசையைப் பிரிக்கும்போது டிரோகாண்டர் நுனிக்கு மேலே சுமார் 5 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால், அந்தத் தசையை இயக்கும் நரம்பே அறுபடக்கூடும்.

முன்பக்கமாக

இன்று விளம்பரங்களில் அதிகம் பேசப்படுவது முன்பக்க வழி. புதிது என்று சொல்லப்பட்டாலும் இதன் வயது நூறைத் தாண்டிவிட்டது. ஜெர்மனியின் கார்ல் ஹூட்டர் 1881இல் இதை விவரித்தார். பாஸ்டனின் ஸ்மித்-பீட்டர்சன் இதை விரிவாக்கினார். பாரிஸின் ஜூடே சகோதரர்கள் 1940களில் இந்த வழியில் செயற்கை மூட்டு வைத்தார்கள். 1996 முதல் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஜோயல் மேட்டா சிறப்பு அறுவை மேசையோடு இதை மீண்டும் பரப்பினார்.

உடற்கூற்றின்படி பார்த்தால் இந்த வழி அழகானது. நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். தொடையின் முன்புறத்தில் சர்ட்டோரியஸ் என்ற தசைக்கும் டென்சர் என்ற தசைக்கும் இடையில் இயற்கையாகவே ஓர் இடைவெளி உண்டு. இரண்டையும் இயக்குபவை வெவ்வேறு நரம்புகள். ஆகவே இடைவெளியில் நுழையும்போது தசையையும் வெட்ட வேண்டாம், அதை இயக்கும் நரம்பும் அறுபடாது. மல்லாந்த நிலையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டே கிண்ணத்தின் கோணத்தையும் கால்களின் நீளத்தையும் சரிபார்க்கலாம்.

சிரமம் தொடை எலும்பில் வருகிறது. காலைப் பின்னுக்குத் தாழ்த்தி, வெளிப்பக்கம் முறுக்கினால்தான் எலும்பின் வாய் மேலே தெரியும். அந்தக் குறுகிய இடத்தில் செயற்கை மூட்டின் தண்டைச் செருகும்போது எலும்பு விரிசல் விடலாம். தொடையின் வெளிப்பக்கத் தோலுக்குப் போகும் உணர்ச்சி நரம்பு கீறலை ஒட்டியே ஓடுவதால், பலருக்குத் தொடையில் மரத்துப்போன உணர்வு ஏற்படுகிறது. வயிற்று மடிப்பு கீறலின் மேல் படியும் பருமனானவர்களுக்குப் புண் ஆறுவதில் தொல்லை வருகிறது. கற்றுக்கொள்ளக் காலமும் பிடிக்கும். ஆஸ்திரேலிய தேசியப் பதிவேட்டை ஆராய்ந்தவர்கள், ஒரு மருத்துவர் இந்த வழியில் 50 அறுவைகளுக்கு மேல் செய்த பிறகே அவருடைய மறு அறுவை விகிதம் அனுபவசாலிகளின் அளவுக்கு வருகிறது என்று 2015இல் கண்டார்கள்.

மூன்றையும் ஒப்பிட்டால்

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முன்பக்க வழியையும் சிறிய கீறலிட்ட பின்பக்க வழியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். யாருக்கு எந்த வழி என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்த சோதனை அது. 2018இல் வெளியான முடிவின்படி, முன்பக்க வழியில் அறுவை செய்துகொண்டவர்கள் சுமார் 10 நாளில் வாக்கரை விட்டார்கள், பின்பக்க வழியினர் சுமார் 15 நாளில். கைத்தடி உட்பட எந்தத் துணையும் இல்லாமல் நடக்க முன்னவர்களுக்கு 17 நாள், பின்னவர்களுக்கு 24 நாள். இரண்டு மாதம் கடந்த பிறகு இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2015 முதல் 2018 வரை இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட 30,098 பேரின் தரவுகளை ஆராய்ந்த ஆய்வு 2020இல் வெளியானது. ஆழமான தொற்று, மூட்டு நழுவல், மறு அறுவை ஆகிய பெரிய சிக்கல்கள் ஓராண்டுக்குள் முன்பக்க வழியினரில் 2 சதவீதத்தினருக்கும், மற்ற வழிகளில் செய்துகொண்டவர்களில் 1 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டிருந்தன. இரண்டுமே சிறிய எண்கள். ஆனால் புதிய வழி என்று சொல்லப்படுவதாலேயே அது பாதுகாப்பானது என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இந்த ஆய்வு நல்ல சான்று. அதே ஆண்டில், பிரிட்டனின் தேசியப் பதிவேட்டில் உள்ள 7 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை வைத்துச் செய்த ஆய்வில், பக்கவாட்டு வழியைவிடப் பின்பக்க வழியில் நோயாளிகள் தாங்களே மதிப்பிட்ட விளைவுகள் மேலாக இருந்தன.

என் முடிவு இதுதான். முன்பக்க வழி முதல் சில வாரங்களைச் சற்றே எளிதாக்குகிறது, அதற்குப் பின் கூடுதல் பலன் எதையும் தருவதில்லை. பின்பக்க வழி, தைத்து மூடினால், நம்பத்தக்கது. பக்கவாட்டு வழிக்கு நழுவாத பலம் உண்டு, நடை கெடும் ஆபத்தும் உண்டு. இந்த வேறுபாடுகளைவிடப் பெரியது, அறுவை செய்பவரின் கைப்பழக்கம். 25 ஆண்டுகள் கடந்த செயற்கை இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன என்று 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. அவ்வளவு காலம் உழைக்கப்போகும் மூட்டுக்கான வழியை, சில நாள் முன்னதாக வாக்கரை விடலாம் என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுப்பது சரியல்ல.

எழுந்து நடக்கும் நாள்கள்

மீட்சி விரைவானதற்குக் கீறலின் இடத்தைவிட, அதைச் சுற்றி நடந்த மாற்றங்களே பெரிய காரணம். சார்ன்லி காலத்து நோயாளிகள் வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்கள். 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட், அறுவைக்குப் பின் நோயாளியைக் கட்டிலில் வைத்திருப்பது எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வலி, குமட்டல், ரத்தச்சோகை, பட்டினி, பயம் என்று விடை வந்தது. ஒவ்வொன்றுக்கும் மருந்தும் முறையும் வகுத்தார். முதுகில் போடும் மரப்பு ஊசி, மூட்டைச் சுற்றிப் போடும் வலிநீக்க ஊசி, விரைவில் உணவு, அன்றைக்கே எழுந்து நிற்பது எல்லாம் அந்தச் சிந்தனையில் ஒன்றுசேர்ந்தவை. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலமும் பெரும் உதவி. ஜப்பானின் உட்டாகோ ஒகாமோட்டோ அதைக் கண்டறிந்து அறிவித்தது, சார்ன்லியின் மூட்டு பிறந்த அதே 1962இல்.

இன்று பொதுவாக அறுவை நடந்த அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நிற்க வைக்கிறார்கள். சில நாள்களில் வீடு. இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். காலில் ரத்தம் உறையாமலிருக்க ஏறத்தாழ ஒரு மாதம் மருந்து தொடரும். ஆறு வாரத்தில் பெரும்பாலோர் அன்றாட வேலைகளுக்குத் திரும்புவார்கள். தசையின் முழு வலு திரும்ப ஓராண்டு வரை ஆகலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும், புண்ணில் நீர் கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும், கால் திடீரெனக் குட்டையாகி அசைக்க முடியாமல் வலித்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது என்பதில் பலரும் தவறுகிறார்கள். வலப்பக்க மூட்டை மாற்றியிருந்தால் தடி இடக் கையில் இருக்க வேண்டும். வலக்கால் தரையில் ஊன்றும் அதே நொடியில் தடியும் ஊன்ற வேண்டும். இடுப்பு சரியப் பார்ப்பது இடப்பக்கம் என்பதால், அங்கே மூட்டிலிருந்து வெகுதூரத்தில் ஊன்றும் தடி சிறிய விசையிலேயே சரிவைத் தடுத்துவிடும். தசையின் பாரம் குறைந்தால் மூட்டின் சுமையும் குறையும். அமெரிக்க எலும்பு மருத்துவர் வால்ட்டர் பிளவுன்ட் இதை விளக்கி, கைத்தடியைத் தூக்கி எறியாதீர்கள் என்று தலைப்பிட்டு 1956இல் கட்டுரையே எழுதினார்.

தரையில் உட்காரலாமா?

மேல்நாடுகளில் இந்த அறுவைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் மூட்டுத் தேய்மானம் உள்ள முதியவர்கள். இந்தியாவில், ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தொடை எலும்பின் தலை மடிந்துபோகும் ஏ.வி.என். என்ற நோயால் இளம் வயதிலேயே வருபவர்கள் ஏராளம். ஸ்டீராய்டு மருந்துகளும் மதுவும் அதன் முக்கியக் காரணங்கள். இவர்கள் இன்னும் பல பத்தாண்டுகள் நடந்து, உழைத்து, தரையில் உட்கார்ந்து எழ வேண்டியவர்கள். அதனால்தான் இங்கே முதலில் வரும் கேள்வி, சம்மணம் போடலாமா என்பது.

பின்பக்க வழியில் மூட்டு நழுவும் ஆபத்து மிகுவது மூன்று அசைவுகள் ஒன்றுசேரும்போது: தொடை மிகவும் மடங்குவது, உடலின் நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் போவது, உட்புறமாகத் திரும்புவது. தாழ்ந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, கீழே கிடக்கும் செருப்பை எடுக்கக் குனிந்தால் மூன்றும் சேர்ந்துவிடும். சம்மணத்தில் தொடை வெளிப்புறமாகத் திரும்பியிருப்பதால், அமர்ந்த நிலை அவ்வளவு ஆபத்தானதல்ல. தரையில் இறங்குவதும் எழுவதும்தான் ஆபத்து. அப்போது தொடை ஆழமாக மடங்கி, உடல் முறுக்கிக்கொள்கிறது. குந்தி உட்காரும் கழிப்பறையிலும் இதே சிக்கல்தான். எனவே பின்பக்க வழியில் செய்துகொண்டவர்களுக்கு முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குத் தொடையை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது என்பது பழைய விதி. முன்பக்க வழியில் இந்த விதி பெரும்பாலும் இல்லை. பின்பக்க வழியிலும் பல மருத்துவமனைகள் அதைத் தளர்த்திவருகின்றன. மேற்கத்தியக் கழிப்பறையும் உயரமான நாற்காலியும் எப்படியும் நல்லவை. தரையில் உட்கார்வதை எப்போது, எந்த அளவுக்குத் தொடங்கலாம் என்பதை, உங்கள் மூட்டின் தலை அளவும் கிண்ணத்தின் கோணமும் தெரிந்த உங்கள் மருத்துவரே சொல்ல முடியும்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இந்த அறுவை வேண்டியிருந்தால், எந்த வழி சிறந்தது என்று கேட்டு நேரத்தைச் செலவிடாதீர்கள். மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: நீங்கள் அதிகமாகச் செய்யும் வழி எது? அந்த வழியில் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்? உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்கு மூட்டு நழுவியிருக்கிறது, எத்தனை பேருக்குத் தொற்று வந்திருக்கிறது? தயங்காமல் விடை சொல்பவரிடம் போங்கள். அவருக்குக் கைவந்த வழியிலேயே செய்யவிடுங்கள். அறுவைக்கு முன்பிருந்தே, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் முறையில் இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளுக்குப் பயிற்சி கொடுங்கள். மருத்துவர் புது மூட்டைத் தருவார், அதைச் சுமக்கும் தசையை நீங்கள்தான் வளர்க்க வேண்டும்.